மகேந்திரவர்மனுக்கு ஒரு குவார்ட்டர்

ஸ்பெயினில் துவேரோ ஆற்றங்கரையில் தோரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. மழை அற்பம், வெயில் கொடுமை, மண்ணோ கால் புதையும் மணல். நம்மூர் அதிகாரி பார்த்தால் ‘பிளாட் போட்டு வித்துடுங்க’ என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறிவிடுவார். அந்த மணலில் பந்தலும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கும் திராட்சைச் செடிகளில் பலவற்றுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. காய்ப்பு குறைவு. ஆனால் அதிலிருந்து வடிக்கிற சிவப்பு ஒயினைக் கிண்ணத்தில் ஊற்றிப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது, அவ்வளவு கறுப்பு. ஆல்கஹால் 15 விழுக்காட்டைத் தொடும். அதற்கு உலகம் கொடுக்கிற விலையைக் கேட்டால் குடிக்காமலே தலை சுற்றும்.

விலை வேருக்கு. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஃபைலாக்ஸெரா என்ற ஒரு பூச்சி பிரான்சுக்குக் கப்பலேறி வந்தது. கண்ணுக்கு லேசில் தெரியாத அளவு சிறிசு. வேரில் உட்கார்ந்து உறிஞ்சியே ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் படுக்க வைத்துவிட்டது. 1868-இல் பிளாஞ்சோன் என்ற தாவரவியலாளரும் அவர் கூட்டாளிகளும் வேரைத் தோண்டிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடித்தார்கள். பிடித்து என்ன, கொல்ல மருந்தில்லை. கடைசியில் பூச்சி வந்த நாட்டுக்கே போய், அந்தப் பூச்சியோடு பழகி மரத்துப்போன அமெரிக்கக் கொடியின் வேரைக் கொண்டுவந்து, அதன்மேல் தங்கள் கொடியை ஒட்டினார்கள். இன்று உலகம் குடிக்கிற ஒயினில் பெரும்பகுதி அமெரிக்கக் காலில் நிற்கும் ஐரோப்பிய உடம்புதான்.

மணலில் மட்டும் அந்தப் பூச்சியின் ஜம்பம் பலிக்கவில்லை. தோண்டிய வளை சரிந்துவிடும், வேருக்கு வேர் தாவ முடியாது. ஆகவே தோரோவில் பழைய செடிகள் சொந்த வேரிலேயே தப்பின. தெற்கே ஹூமியா என்ற ஊரில் மொனாஸ்த்ரெல் கொடிகள் 1989 வரை அசையாமல் நின்றன. அந்த ஆண்டுதான் பூச்சி அங்கே போய்ச் சேர்ந்தது. சமாளித்து நின்ற மிச்சம் மீதியைத் தேடி இப்போது கோடீசுவரர்கள் வருகிறார்கள். லூயி வித்தோன் கைப்பைகளை விற்கிற அதே குழுமம் 2008-இல் தோரோவின் நுமான்தியா தோட்டத்தை வாங்கியது. ஒட்டாத வேர், நூறு வயது, மணல் மண் என்று சொல்லிச் சொல்லி விற்கிறார்கள். கைப்பைக்காரனுக்கே புரிந்துவிட்டது, வேர் என்பது விலைப்பட்டியலில் ஒரு தனி வரி என்று.

ஒட்டுப்போடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பாக்காரன் வேறு வழியில்லாமல் ஒட்டினான், ஒட்டினேன் என்று சொல்லியும் விற்கிறான். ஒட்டாததை ஒட்டாதது என்று தனியாகக் காட்டி விற்கிறான். நமக்கு வாய்த்திருக்கிற ஒட்டு வேறு ரகம். எல்லாவற்றையும் எதன்மேலாவது ஒட்டிவிட்டு, எல்லாவற்றையும் அசல் என்று சீல் குத்துகிற ரகம்.

இந்தத் தோரோப் புராணத்தை என் காதில் முதலில் போட்டவர் சென்னையிலிருந்து வந்த ஒரு கனவான். இடம் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. மகளுக்குக் கல்யாணம். அம்மாள் பாயில் உட்கார்ந்து சேலைகளைப் புரட்டிக்கொண்டிருக்க, கனவான் பக்கத்தில் இருந்தவரிடம் ஸ்பெயின் போய்வந்த கதையை அவிழ்த்துவிட்டார். சொந்த வேர் சார், சொந்த வேர். ஒட்டே கிடையாது. முதலில் கரும்பழ வாசனை வரும், அப்புறம் தோல், அப்புறம் புகையிலை. பாட்டிலுக்கு இவ்வளவு கொடுத்தேன், இன்னும் கொடுக்கலாம், கொடுக்கவேண்டும், அந்தக் குடியானவன் பாட்டன் காலத்துச் செடியை வெட்டாமல் வைத்திருக்கிறானே, அதற்கே கொடுக்கவேண்டும். குரல் தழுதழுத்தது. எனக்கே இரண்டு பாட்டில் வாங்கி அந்தக் குடியானவனைக் காப்பாற்றவேண்டும் போலிருந்தது.

கடைப்பையன் ஒரு சேலையை விசிறினான். “இது கோர்வை சார். உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். மூணு நாடா. தறியில ஒருத்தர் நெய்வாரு, இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்து கரை நாடா போடுவாரு. ஒரு சேலைக்குப் பத்துப் பதினைஞ்சு நாள் ஆவும். துணி கிழிஞ்சாலும் கிழியும் சார், கோர்வை விடாது.”

“அதெல்லாம் சரிப்பா,” என்றார் கனவான். தழுதழுப்பு போய் வேறு குரல் வந்திருந்தது. “இதே கலர், இதே கரை, ஆன்லைன்ல பாதி விலைக்குப் போட்டிருக்கானே?”

போட்டிருக்கிறான் ஐயா. போடாமல் என்ன? ‘காஞ்சி’ என்ற தலையைக் கொய்து எந்த ஊர் விசைத்தறியின் காலிலோ ஒட்டிப் போட்டிருக்கிறான். கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கி இருபது வருஷம் ஆகிறது. சட்டம் அலமாரியில் இருக்கிறது, குறியீடு சுவரில் இருக்கிறது, சேலை ஆன்லைனில் இருக்கிறது. தோரோ என்ற பெயரை வேறு ஊர் ஒயினுக்கு ஒட்டிப் பார்க்கட்டும் ஒருவன்; 1987 முதல் அந்தப் பெயருக்குக் காவல் இருக்கிற கட்டுப்பாட்டுக் குழு அவனைக் கோர்ட்டுக்கு இழுக்கும். எங்கள் பெயரை ஒட்டுகிறவனுக்கு டெலிவரி இலவசம்.

பழைய வேரின் மகிமையை எங்களுக்கு ஸ்பெயின்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு 3,500 வயது என்று சொல்லிப் பிரதட்சிணம் வருகிற ஊர் இது. மரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடிக்கிற பக்தர்களில் எத்தனை பேர் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? தறிக்குழி என்றால் குழிதான். தரையைத் தோண்டி, காலை உள்ளே விட்டு மிதிப்பலகையில் வைத்து உட்காரவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் குழியில் ஈரம் ஊறும், பாவு நமத்துப்போகும், தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். சாமிக்கு அபிஷேகம் நிற்காது, கந்து வட்டி நிற்காது, மதியம் 12 மணிக்குத் திறக்கிற மதுக்கடையும் நிற்காது.

அந்தக் கடைக்கு வருவோம். அதற்குத்தானே வந்தோம்.

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்குகிறவருக்குப் பெரியவர்கள் ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். ஜரிகையை லேசாகச் சுரண்டிப் பார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். வெள்ளையாகவோ வேறு எதாகவோ தெரிந்தால் ஏமாந்தாய். இப்போது அதற்கு மெஷினே வந்துவிட்டது. சேலையை வைத்தால் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று விழுக்காட்டோடு சொல்லிவிடும். அந்தச் சுரண்டல் பரீட்சையை அரசாங்கம் விற்கிற பிராந்தி பாட்டிலுக்கு ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்.

பிராந்தி என்றால் என்ன? திராட்சையை ஒயினாக்கி, அந்த ஒயினைக் காய்ச்சி வடித்தால் பிராந்தி. உலகம் முழுக்க இதுதான் அர்த்தம். தமிழ்நாட்டில்? சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுப்புக் கழிவுப்பாகு இருக்கிறதே, மொலாசஸ், அதைப் புளிக்கவைத்து எடுக்கிற எரிசாராயம். அதில் தண்ணீர், நிறத்துக்குக் கேரமல், வாசனைக்கு எஸன்ஸ். திராட்சை எங்கே என்று கேட்காதீர்கள், இருக்கிறது. ‘இந்திய பிராந்தி’யில் அசல் திராட்சை பிராந்தி குறைந்தது நூற்றுக்கு 2 பங்கு இருந்தால் போதும் என்று 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதியே சொல்கிறது. மீதி 98-க்கு யார் பொறுப்பு? சர்க்கரை ஆலை.

தோரோக்காரன் ஒட்டாத வேரைக் காட்டிக் காசு பார்க்கிறான். நாம் கண்ட ஒட்டு இது: கரும்புக் கழிவின்மேல் திராட்சையின் பெயர். உலகத் தாவரவியலில் இப்படி ஓர் ஒட்டு இதுவரை நடந்ததில்லை. கரும்பு புல் வகை, திராட்சை கொடி வகை. எந்த நர்சரிக்காரனாலும் முடியாததை ஒரு லேபிள் முடித்துக் காட்டியிருக்கிறது. பூச்சி கிட்டே வராது. பூச்சிக்கும் மானம் உண்டு.

இதைக் காய்ச்சுவது தனியார் ஆலைகள், விற்பது அரசாங்கம். 1983-இல் மொத்த வியாபாரத்துக்கென்று தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறையையும் தானே வைத்துக்கொண்டது. கவனிக்க: இதெல்லாம் நடப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். கவனிக்கும் அமைச்சரின் துறைக்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குத் துறை விற்றதில் அரசுக்கு வந்த வரி வருமானம் 2022-23-இல் 44,121 கோடி ரூபாய். ‘படிப்படியாக மதுவிலக்கு’ என்று சொல்லி 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். அந்த நிதியாண்டின் வருமானம் 45,855 கோடி. அடுத்த ஆண்டு 48,344 கோடி. படி இருப்பது உண்மைதான், ஏறுகிற படி.

இதில் எந்தக் கட்சி என்று கேட்டு ஒருவர் சண்டைக்கு வருவார். 1971-இல் திறந்தது ஒருவர், பிறகு அவரே மூடினார், 1981-இல் திறந்தது இன்னொருவர், 2003-இல் கல்லாவில் அரசையே உட்கார வைத்தது மற்றொருவர். எல்லாக் கொடிக்கும் அடியில் ஒரே வேர், மொலாசஸ் வேர். காஞ்சிபுரத்துக்காரனாக எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் மட்டும் தனியாக உண்டு. அண்ணா பிறந்தது இந்த ஊரில், 1909-இல், நெசவு செய்கிற சமூகத்தில். முதலமைச்சராக இருந்தவரை மதுவிலக்கில் கைவைக்க அவர் சம்மதிக்கவில்லை. 1969 பிப்ரவரியில் மறைந்தார். 1971 ஆகஸ்டில் பூட்டு திறந்தது. அவர் பேரில் இந்த ஊரில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, தெரு இருக்கிறது, சிலை இருக்கிறது. அவர் கொள்கைக்கு மட்டும் மெஷினில் வைத்துச் சோதனை கிடையாது.

சொந்த வேரில் நிற்கிற சரக்கு தமிழ்நாட்டிலும் ஒன்று உண்டு. தோரோவைப் போலவே அதுவும் மணலில்தான் வளர்கிறது. யாரும் அதை எதன்மேலும் ஒட்டியதில்லை, ஒட்டவும் முடியாது. மாநில மரம் என்ற பட்டம் வேறு கொடுத்திருக்கிறோம். பனை. அதில் வடிகிற கள், காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிற சரக்கு, ஆல்கஹாலும் கொஞ்சம்தான். 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதை இறக்குவது குற்றம். ஏறுகிறவன் மேல் கேஸ், குடிக்கிறவன் மேல் கேஸ், பானையை உடைத்துப் போட்டோ. 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள மொலாசஸ் பிராந்திக்குப் பில் உண்டு, கடை உண்டு, போலீஸ் காவல் உண்டு. நான் கள்ளுக்கு வக்கீல் இல்லை. கள் குடித்துக் கெட்ட குடும்பமும் எனக்குத் தெரியும். ஆனால் குடி கேடு என்பதுதான் காரணமென்றால் இரண்டையும் மூடு. கேடு பரவாயில்லை, வருமானம்தான் முக்கியமென்றால் அதை வெளிப்படையாகச் சொல். பனைமரத்துக்கு ஆலை முதலாளி இல்லை, தேர்தல் நிதி தரத் தெரியாது, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஏழை ஏறவேண்டும். தடைக்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, திராட்சையாவது விளைகிற இடத்தில் மதிப்போடு இருக்கிறதா? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது. ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். 2023-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிகாரிகள் பழத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வரத்து அதிகமானால் விலை விழும், மழை பெய்தால் பழம் வெடிக்கும், விவசாயி தலையில் துண்டு. இங்கே ஒரு அரசு ஒயின் ஆலை வேண்டும் என்று அவர்கள் கேட்காத தேர்தல் இல்லை. வாக்குறுதி பந்தலில் நன்றாகப் படர்கிறது. ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடிக்கு மேல் மது விற்கிற ஒரே வியாபாரி, அதிலும் பிராந்தியைப் பிரதானமாக விற்கிற வியாபாரி, தன் மாநிலத்துத் திராட்சையில் பிராந்தி காய்ச்ச வழி தேடவில்லை. ஏன் தேடவேண்டும்? நூற்றுக்கு 2 போதும் என்று விதியே இருக்கிறதே.

இனி மகேந்திரவர்மன். பெயரை மேலே போட்டுவிட்டு ஏமாற்றக்கூடாது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊரை ஆண்ட பல்லவன் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசம்’ என்று ஒரு அங்கத நாடகம் எழுதினான். கதை நடப்பது காஞ்சித் தெருக்களில். சத்தியசோமன் என்ற காபாலிகன் தேவசோமை என்ற துணைவியோடு குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான். கள்ளுக்கடையைப் பார்த்ததும் அவனுக்கு அது யாகசாலையாகவே தெரிகிறது. பிச்சை வாங்குகிற கபாலம் காணாமற்போகிறது. வழியில் வந்த புத்த பிக்குவின் மேல் பழி. பிக்குவோ, புத்தர் மதுவையும் மங்கையையும் அனுமதித்துத்தான் இருப்பார், அந்த ஏட்டைக் கிழட்டுத் துறவிகள் மறைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிற மகான். வழக்காடு மன்றத்துக்குப் போகலாம் என்ற பேச்சு வந்ததும் தேவசோமை கையை விரித்துவிடுகிறாள்: மடத்துப் பணத்தைக் கொட்டி அதிகாரிகளின் வாயை இவர்கள் அடைத்துவிடுவார்கள், நம்மிடம் என்ன இருக்கிறது? கடைசியில் பார்த்தால் கபாலத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய்.

நினைத்துப் பாருங்கள். தன் தலைநகரத்தில் அதிகாரிகள் லஞ்சம் வாங்குவார்கள் என்று ஓர் அரசனே நாடகம் எழுதுகிறான். இன்று அந்த ஊரில் ஒரு தாசில்தாரைப் பற்றி வாட்ஸப்பில் நாலு வரி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கமுடியுமா? மகேந்திரவர்மன் குடிகாரனையும் துறவியையும் அதிகாரியையும் கிண்டல் செய்தான். ஒன்றை மட்டும் அவன் கற்பனை செய்யவில்லை. அவ்வளவு பெரிய கற்பனை அவனுக்கு இல்லை. அரசனே கள்ளுக்கடையில் உட்கார்ந்து ஊற்றிக்கொடுத்து, அதே கையால் ‘குடிக்காதே’ என்று பலகை எழுதி மாட்டி, அந்தக் காசில் நல்லாட்சி நடத்துவதாக அறிவிக்கிற காட்சியை அவன் எழுதியிருந்தால், அங்கதத்துக்கும் ஒரு அளவு வேண்டும் மன்னா என்று சபையில் இருந்தவர்களே எழுந்து போயிருப்பார்கள்.

வெளிநாட்டு ஒயின் நமக்குப் புதிதுமல்ல. யவனர் கப்பலில் வந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு பேசுகிறது. அரிக்கமேட்டு மண்ணில் மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அன்றைக்கும் அரசன் வாய்க்கு யவன ஒயின், ஊரார் வாய்க்கு ஊர்ச் சரக்கு. ஊர்ச் சரக்கையாவது ஊரில் காய்ச்சினார்கள். பெரும்பாணாற்றுப்படைக் காலத்துக் காஞ்சி வழியில் வீட்டிலேயே அரிசியில் மது காய்ச்சும் முறை சொல்லப்படுகிறது. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தகப் பேச்சு முடிந்தது என்று 2026 ஜனவரியில் அறிவித்திருக்கிறார்கள். ஒயினுக்கு இருந்த 150 விழுக்காட்டுச் சுங்கவரி படிப்படியாக இறங்கும். நம் கனவானின் தோரோ மலிவாகும். எலைட் கடையில் குளிர்சாதனப் பெட்டிக்குள் அது நிற்கும். பக்கத்துச் சந்தில் கம்பி வலைக்குள்ளிருந்து நீளுகிற கையில் குவார்ட்டர் நிற்கும். இரண்டும் ஒரே கார்ப்பரேஷன், ஒரே கல்லா.

அந்தக் குவார்ட்டருக்கும் ஒரு சுவைக் குறிப்பு எழுதித்தரலாம் என்று தோன்றுகிறது. கனவான் பாணியிலேயே. நிறம்: அடர் பொன், கேரமல் உபயம். மூக்கில்: மூடி திறந்ததும் எஸன்ஸ், கொஞ்சம் பொறுத்தால் ஆஸ்பத்திரி. நாக்கில்: எரிச்சல், அதை அடக்க ஒரு தண்ணீர் பாக்கெட், அரைத் துண்டு மாங்காய். நடு அண்ணத்தில்: வீட்டு வாடகை. விழுங்கிய பின் தங்குவது: மிக நீளம், அடகுக்கடை வரைக்கும் வரும். எதோடு சாப்பிட ஏற்றது: வெறும் வயிறு. விளைச்சல் ஆண்டு: எல்லா ஆண்டும் அமோகம்.

கணக்கும் போட்டுவிடலாம், குறிப்பு முழுமையாகட்டும். நாலாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20-இல் வெளிவந்தது. நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றது. 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு சாதாரண ரகக் குவார்ட்டர் 140 ரூபாய். பாட்டிலுக்கு மேலே பத்து ரூபாய் என்பது ஊரறிந்த எழுதாத வரி. அதையும் சேர்த்தால் 150. முப்பது நாளைக்கு 4,500. அந்த 5,000-க்காரர் ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 500 ரூபாய். அதில் அரிசி, பருப்பு, பிள்ளையின் டியூஷன், பெண்சாதியின் ரத்த அழுத்த மாத்திரை, காமாட்சியம்மன் கோயில் அர்ச்சனைத் தட்டு. இத்தனைக்கும் நாட்டின் கைத்தறித் தொழிலாளரில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுகிறவளும் அவள்தான், அந்த 500-இல் குடும்பம் நடத்துகிறவளும் அவள்தான்.

“அவன் ஏன் குடிக்கிறான்? குடிக்காமல் இருக்கவேண்டியதுதானே?” இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் கையில் கிண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். நாள் முழுக்கக் குழிக்குள் காலைப் போட்டு, இழை அறுந்தால் கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாக முடிச்சுப்போட்டு, சாயங்காலம் இடுப்பு நிமிராமல் எழுந்திருக்கிறவனுக்கு எதிரே அரசாங்கம் ஒரே ஒரு பொழுதுபோக்கைத்தான் திறந்து வைத்திருக்கிறது. நூலகம் சீக்கிரம் மூடிவிடும். கடை இரவு 10 மணி வரை. மின்சாரம் கொடுக்கிறோமே என்பார்கள். உண்மை. இரண்டு மாதத்துக்குக் கைத்தறிக்காரனுக்கு 300 யூனிட் இலவசம், விசைத்தறிக்காரனுக்கு 1,000 யூனிட் இலவசம். குழித்தறி காலால் ஓடுகிறது, எரிவது ஒரு பல்பு. விசைத்தறி மின்சாரத்தால் ஓடுகிறது, அதனால் நியாயம் என்று விளக்கம் வரும். விளக்கம் சரிதான். காஞ்சி என்ற பெயரைத் திருடி நெய்கிற மெஷினுக்கும் அந்த 1,000 யூனிட்டில்தான் பசி தீர்கிறது என்பதை மட்டும் யாரும் விளக்குவதில்லை.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகிவிடும் என்பது அடுத்த வாதம். 2023 மே மாதம் மரக்காணத்திலும், எங்கள் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டிலும் கள்ளச்சாராயம் குடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது டாஸ்மாக் கடைகள் மூடியா இருந்தன? மாநிலம் முழுக்க நாலாயிரத்துச் சொச்சம் கடைகள் ஜேஜே என்று நடந்துகொண்டிருந்தன. 140 ரூபாய் இல்லாதவன் பாக்கெட்டைத் தேடிப் போனான். குவார்ட்டர் விலையை ஏற்றிய கையேதான் பிணத்துக்குப் பத்து லட்சம் என்று காசோலை எழுதியது. காசோலையில் மட்டும் எஸன்ஸ் கலப்பில்லை.

ஆகவே மாண்புமிகு விலக்குத் துறைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு விண்ணப்பம். மதுவிலக்கு கேட்கவில்லை, பயப்படவேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுச் செத்தவர்கள் உண்டு. காந்தியவாதி சசிபெருமாள் 2015-இல் செல்போன் கோபுரத்தில் ஏறி நின்றே செத்தார். நாங்கள் கேட்பது தொழில் மரியாதை. எங்கள் ஜரிகையில் வெள்ளி குறைந்தால் சங்கத்தில் சேலையைத் திருப்பிவிடுகிறீர்கள், நெய்தவன் கூலியில் பிடிக்கிறீர்கள். உங்கள் பிராந்திக்கும் அதே மெஷின் வையுங்கள். கரும்பு இத்தனை, திராட்சை இத்தனை, கேரமல் இத்தனை என்று பாட்டில்மேல் பெரிய எழுத்தில் போடுங்கள். எந்தச் சர்க்கரை ஆலைக் கழிவு, எந்த ஊர்த் தண்ணீர், ஆலை முதலாளி எந்தக் கட்சிக்கு என்ன உறவு என்பதையும் போட்டால் இன்னும் சிறப்பு; ஸ்பெயின்காரன் தோட்டத்தின் பெயர், மண்ணின் ரகம், செடியின் வயது வரை போடுகிறான்.

லேபிளில் இடமில்லை என்று அதிகாரி சொல்வார். மது கேடு என்கிற அந்த எச்சரிக்கை வரியை எடுத்துவிடுங்கள். அதை வாசித்துவிட்டுக் கடை வாசலில் ஒருத்தரும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை. ‘நூற்றுக்கு 2’ என்று அச்சடிக்க அந்த இடம் தாராளமாகப் போதும்.